தண்டையார்பேட்டையிலிருந்து பனை பார்க்கப் போனது

தை பிறந்தால் எங்கள் கடை வாசலில் பனங்கிழங்கு கட்டுக் கட்டாக வந்து இறங்கும். தண்டையார்பேட்டையில் முப்பது வருடமாகக் கருப்பட்டி, பனங்கற்கண்டு, நாட்டு மருந்துச் சாமான் விற்கிறோம். அப்பா உடன்குடிப் பக்கத்துக்காரர். இருபத்தைந்து வயது வரை பனையேறியவர். அப்புறம் சென்னைக்கு வந்து கடை போட்டார். கடைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. அங்கே மணலைக் குவித்துப் பனங்கொட்டைகளைப் பரப்பி வைப்பது அவருக்குப் பழக்கம். விற்க இல்லை, வீட்டுக்கு.

அந்தக் குவியலிலிருந்து ஒரு கொட்டையைக் கிழங்கோடு முழுசாகத் தோண்டி எடுத்துப் படம் பிடித்து, வெளிநாட்டிலிருக்கும் பனை ஆர்வலர் ஒருவருக்கு அனுப்பினேன். பயணம் அங்கேதான் தொடங்கியது. பனைக் குடும்பம் என்றால் நம் பனை மட்டுமல்ல. தென்னை, பாக்கு, ஈச்சை, கூந்தல்பனை, பிரம்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,600 இனங்கள். இவற்றை வளர்ப்பதும் தேடிப் போய்ப் பார்ப்பதுமாகவே வாழ்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 1956இல் டென்ட் ஸ்மித் என்பவர் புளோரிடாவில் இதற்காகவே ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அது சர்வதேசப் பனைச் சங்கம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் கூடுவார்கள். நான் போனது அந்தச் சங்கத்தின் கூட்டமல்ல. அதே ஆர்வமுள்ள சிலர் பல நாடுகளிலிருந்து சேர்ந்து தாய்லாந்தில் ஏற்பாடு செய்த ஒரு வாரச் சந்திப்பு.

படத்தைப் பார்த்தவர் உடனே பதில் எழுதினார். பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் மேலே வராது. கொட்டையிலிருந்து ஒரு குழாய் மண்ணுக்குள் இறங்கும், அதன் நுனியில்தான் கன்று உருவாகும். அதனால் இதை ஆழமான தொட்டியில்தான் வளர்க்க முடியும், பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம் என்று வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கன்றைத்தான் நாம் அவித்து, மஞ்சளும் மிளகும் போட்டுத் தின்கிறோம் என்பது அவருக்குப் புதிது. கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போல இருக்கும் தவுணையும் எழுதினேன். "நீங்கள் வந்து இதைப் பதினைந்து நிமிடம் பேச முடியுமா?" என்று கேட்டார். சரி என்று எழுதிவிட்டேன். என்னிடம் அப்போது பாஸ்போர்ட்டே இல்லை.

பாஸ்போர்ட்டில் என்னை அலைய வைத்தது இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. ஆதாரில் அதே எழுத்து பின்னால். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போடலாம், அல்லது அதைக் காலியாக விட்டு இரண்டையும் சேர்த்து முதல் பெயர்க் கட்டத்தில் எழுதலாம். நம் ஊரில் பலர் காலியாக விடுகிறார்கள். நான் விசாரித்த வரை, ஒரே பெயராக இருந்தால் சில நாடுகளில் நுழையும்போது சிக்கல் வருகிறது. அதனால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதலில் ஆதாரைத் திருத்தி, அது கைக்கு வந்த பிறகே விண்ணப்பித்தேன். இந்த வரிசை முக்கியம். விண்ணப்பம் போட்ட பிறகு ஆதாரை மாற்றப் போனால் இரண்டு பக்கமும் நிற்கும். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அமைந்தகரை மையத்தில் ஒரு காலைப் பொழுதில் வேலை முடிந்தது. காவல் துறை விசாரணைக்குக் கடையிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் டிக்கெட்டில் கோட்டை விட்டேன். தெரிந்த ஒரு டிராவல்ஸில் போட்டுத் தரச் சொல்லி, பாஸ்போர்ட் வரும் முன்பே பெயரை வாயால் சொல்லிவிட்டேன். அவர்கள் பழக்கத்தில் இனிஷியலோடு போட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதும் டிக்கெட்டில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். திருத்தப் பத்து நாளும் தனியாகப் பணமும் போயிற்று. "அண்ணாச்சி, எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்றார் அந்தத் தம்பி. எல்லாரும் போடலாம், நீங்கள் போடாதீர்கள். பாஸ்போர்ட் கையில் வந்த பிறகு, அதைப் பார்த்து நீங்களே எழுத்துக் கூட்டி அடியுங்கள்.

கூட்டத்துக்கான கட்டணத்தை டாலரில் கட்டச் சொன்னார்கள். என் கார்டு இரண்டு முறை மறுத்தது. 2020 அக்டோபருக்குப் பிறகு வந்த கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும்படி வருகின்றன, வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் திறக்க வேண்டும் என்று என் மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். வங்கிச் செயலியில் ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

விசா விஷயம் எனக்கு எளிதாக அமைந்தது. நான் போன சமயத்தில் சுற்றுலாவாகத் தாய்லாந்து போகும் இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியிருக்கவில்லை. போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அது இலவசம். பணம் கேட்கும் போலிப் பக்கங்களும் இருக்கின்றன, ஏமாறாதீர்கள். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் அன்றைக்கு ஒரு முறை தூதரகத்தின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது எதை எடுத்துப் போவது என்பதுதான். பனங்கொட்டை ஒரு பத்து, கிழங்கு ஒரு கட்டு என்று மனசுக்குள் மூட்டை கட்டி வைத்திருந்தேன். அது நடக்கவில்லை. முளைக்கக்கூடிய விதையோ பச்சைக் கிழங்கோ வெளிநாட்டுக்குப் போக வேண்டுமென்றால், போகும் நாடு என்ன கேட்கிறது என்று பார்த்து, இங்கே மீனம்பாக்கத்தில் இருக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் சோதனை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். திரும்பி வரும்போதும் அப்படியே. 2003ஆம் ஆண்டு ஆணைப்படி அனுமதியும் சான்றிதழும் இல்லாமல் விதையை இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. பத்துக் கொட்டைக்கு இவ்வளவா என்று முதலில் எனக்குக் கோபம். பிறகு சிவப்புக் கூன்வண்டின் கதையைப் படித்தேன். நம் பக்கத்துத் தென்னையில் இருக்கும் அந்த வண்டு, உயிருள்ள மரங்களோடும் கன்றுகளோடும் பயணம் செய்து 1980களில் வளைகுடா நாடுகளுக்குப் போனது. 1990களில் ஸ்பெயினை எட்டியது. மத்தியதரைக் கடல் ஓரம் முழுக்க ஈச்ச மரங்கள் உச்சி சரிந்து செத்தன. விதையில் அது போகாது என்றாலும், ஒரு பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பனையை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்த வேலையை நான் செய்யக் கூடாது. கொட்டைகளை மணலிலேயே விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக இரண்டு கிலோ கருப்பட்டி, நன்றாகக் காய்ந்த ஓலையில் முடைந்த பெட்டிகள், படங்கள். பெட்டிக்காகப் பழவேற்காடு போனேன். மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் வழியெல்லாம் பனை தெரிய ஆரம்பிக்கும். அங்கே ஓர் அக்கா குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, நூல் மாதிரிக் கிழித்து, சாயம் தோய்த்துக் காயவைத்திருந்தார். விரல் பார்க்காமலே போய்க்கொண்டிருந்தது. "இதை அங்க காட்டப் போறீங்களா, அப்ப மூடி சரியா உட்கார்றதாக் குடுக்கிறேன், இருங்க" என்று ஒன்றைப் பிரித்து மறுபடி முடைந்து தந்தார். மாதவரத்தில் காதி ஆணையத்தின் மத்திய பனைவெல்ல நிறுவனம் இருக்கிறது. வடசென்னையில் இருந்துகொண்டு அதைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். எண்ணூர்ப் பக்கம், மணலிப் புதுநகர்ப் பக்கம் தொழிற்சாலைச் சுவர் ஓரமாக நிற்கும் பனைகளையும் படமெடுத்தேன். நம் மாநில மரம் அது. வெட்ட வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்ததையும் பேச்சில் சேர்த்தேன்.

பேச்சின் மீதியை அப்பாதான் சொன்னார். இரவு கடை சாத்திய பிறகு அவரைப் பேசவிட்டு எழுதிக்கொண்டேன். பதநீர் இறக்கப் பாளையை, அதாவது பனையின் பூங்குலையை, இடுக்கியால் எவ்வளவு அழுத்த வேண்டும், எத்தனை நாள் அழுத்த வேண்டும், நுனியை எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும். "வெத்தலை கிள்ளுற கனம்தான் சீவணும். அதுக்கு மேல போனா பாளைய வீணாக்குறோம்." பதநீர் சொட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதை எண்பது வயதில் கையை வளைத்துக் காட்டினார். சுண்ணாம்பு குறைந்தால் புளித்துக் கள்ளாகும், கூடினால் வாய் வெந்துபோகும். இதையெல்லாம் அவர் என்னிடம் முன்பு சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

விமானம் நள்ளிரவுக்குப் பிறகு. தண்டையார்பேட்டையிலேயே மெட்ரோ ஏறினால் மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம். ஆனால் கடைசி ரயில் பதினொரு மணிவாக்கில், அதனால் எட்டரைக்கே கிளம்பிவிட்டேன். நேராகப் போகும் விமானத்தில் பாங்காக் மூன்றரை மணி நேரம்தான். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்.

பட்டாயாவுக்குத் தெற்கே நோங் நூச் தோட்டத்தைச் சுற்றியது, என் பேச்சு, அங்கே வந்த கேள்விகள் எல்லாம் தனியாக எழுத வேண்டியவை. கருப்பட்டி முதல் நாளே தீர்ந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். திட்டத்தில் நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னது பெட்சபுரி. பாங்காக்கிலிருந்து தென்மேற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். வயல் வரப்பெல்லாம் நம் பனை. அதே மரம். அவர்கள் அதை 'தான்' என்கிறார்கள். வடமொழி தாலம்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. பழச்சாற்றில் பணியாரம் மாதிரி ஒன்று அவிக்கிறார்கள். வாயில் வைத்ததும் பனம்பழ வாசனை.

அங்கே ஒரு பெரியவர் எங்களுக்காக மரம் ஏறிக் காட்டினார். நம் ஊரில் காலில் மாட்டி ஏறும் தளைநார் கிடையாது. கணுவில் கிளைத் துண்டுகளை விட்டு வெட்டிய மூங்கிலை மரத்தோடு கட்டி, அதில் கால் வைத்து ஏறுகிறார்கள். கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய். இறக்கிக் கொண்டுவந்த குழாயை எட்டிப் பார்த்தேன், சுண்ணாம்பு இல்லை. அடியில் சிறு மரச் சிராய்கள் கிடந்தன. ஒருவகை மரத்தின் துவர்ப்பு, புளிக்காமல் காக்கிறதாம். குடித்தால் நம் பதநீர்தான், சுண்ணாம்பு நெடி மட்டும் இல்லை, கொஞ்சம் புகைவாசம்.

அங்கிருந்தே அப்பாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். திரையில் மூங்கிலைக் காட்டினேன், குழாயைக் காட்டினேன், சிராயைக் காட்டினேன். எல்லாவற்றையும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுறாராம், கேளு" என்றார். கூட வந்தவர் மூலமாகக் கேட்டேன். காலையிலும் சாயங்காலமும் என்று பெரியவர் இரண்டு விரலைக் காட்டினார்.

அப்பாவும் இங்கே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.