கரடிப் பெட்டிக்குள் டிகாஷன்

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அமெரிக்காவில், கலிஃபோர்னியா மலைமேல் இருக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் டுவாலமி மெடோஸ் முகாம். குழந்தைகள் கூடாரத்துக்குள் போய்விட்டார்கள். பித்தளை ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி மூடி, மர மேஜைமேல் வைத்துவிட்டு நானும் படுக்கக் கிளம்பினேன். அப்போது டார்ச் வெளிச்சம் ஒன்று எங்கள் பக்கம் வந்தது. ரோந்து வந்த ரேஞ்சர் பெண். மேஜைமேல் இருப்பது என்னவென்று கேட்டார். காலையில் குடிக்கக் காபி என்றேன். குனிந்து முகர்ந்து பார்த்தார். வாசனை பிரமாதம், ஆனால் கரடிக்கும் அப்படித்தான் தோன்றும், பெட்டிக்குள் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள் என்றார்.

யோசெமிட்டியில் கூடாரம் போடுகிற ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அரிசி, பருப்பு மட்டுமில்லை. சோப்பு, பற்பசை என்று வாசனை உள்ள எல்லாமே ராத்திரி அதற்குள் போய்விட வேண்டும். இருட்டிய பிறகு காருக்குள்ளும் வைக்கக் கூடாது. கரடி கதவையே பிய்த்துவிடும். மனிதர் சாப்பாட்டுக்கு ருசி கண்ட கரடி ஆளைக் கண்டு பயப்படாது. கடைசியில் அதைக் கொல்ல வேண்டி வரும். அந்தப் பெண் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் காபி வாசனை வந்தால் பக்கத்து வீட்டு மாமி "என்ன, புதுப் பொடியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். இங்கே அதே வாசனையை இரும்புப் பெட்டியில் போட்டு மூடச் சொல்கிறார்கள். ஃபில்டரை இரண்டு கையாலும் தூக்கி, அரிசிப் பைக்கும் சோப்பு டப்பாவுக்கும் நடுவே வைத்து மூடினேன். தூங்கவே நேரமாயிற்று.

காலையில் திறந்து பார்த்தால் ஊற்றிய தண்ணீரில் பாதி மேல் பாத்திரத்திலேயே நிற்கிறது. கீழே இறங்கியது தண்ணீர்தான், டிகாஷன் இல்லை. ஆகஸ்ட் மாதத்திலும் அந்த உயரத்தில் ராத்திரி நடுக்கும். தண்ணீர் குளிரக் குளிரப் பொடிக்குள் இறங்குவது மெதுவாகிக்கொண்டே போகும். பித்தளை வேறு இருக்கிற சூட்டையெல்லாம் சீக்கிரமே வெளியே விட்டுவிடும். சரி, அடுப்பில் வைத்துச் சூடு பண்ணலாம் என்றால் பியூட்டேன் கேஸ் அடுப்பு எரியவே மாட்டேன் என்கிறது. பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் பியூட்டேன் ஆவியாவதே பாடு. அன்று நாங்கள் குடித்ததைக் காபி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் ராத்திரி அடுப்பு மேடையைத் துடைத்த பிறகு அம்மா செய்கிற கடைசி வேலை டிகாஷன் போடுவதுதான். பொடியைப் போட்டு, குடையை வைத்து லேசாக அழுத்துவார். அதிகம் அழுத்தினால் இறங்காது, அழுத்தாமல் விட்டால் ஓடிவிடும். அந்தக் கணக்கு அவர் விரலுக்குத்தான் தெரியும். விளக்கை அணைத்த பிறகு கூடத்தில் படுத்திருக்கும் எனக்கு, டிகாஷன் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். பெரிய கடைத் தெருவில் காபிக்கொட்டை வறுத்து அரைக்கிற கடைக்கு அப்பா என்னையும் கூட்டிப்போவார். பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி கொஞ்சம்தான். அரைத்துக் கொடுக்கிற பொட்டலம் கை சுடும். வீடு வரும்வரை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவேன்.

அடுத்த வருஷம் நன்றாக யோசித்துத்தான் கிளம்பினேன். டுவாலமி மெடோஸ் 8,600 அடி உயரம். அங்கே தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் தளதளவென்று கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. பருப்பு வேக மறுப்பதும் இதனால்தான். பொடியும் தன்னிடம் இருப்பதை முழுசாக விடுவதில்லை. அதனால் வீட்டில் போடுவதைவிட ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டேன். ஃபில்டரை முதலில் வெந்நீரில் முக்கி எடுத்தேன். ராத்திரிக்குக் காத்திருக்காமல், வெயில் இருக்கும்போதே ஐந்து மணிக்கு டிகாஷன் போட்டு, என் கம்பளிக் குல்லாவை ஃபில்டருக்கு மாட்டிவிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அதை ஃப்ளாஸ்கில் ஊற்றி, கரடிப் பெட்டிக்குள் வைத்தேன். அடுப்பையும் மாற்றியாயிற்று. புரொப்பேன் எந்தக் குளிருக்கும் அசராது.

காலை ஐஸ் பெட்டியிலிருந்து பாலை எடுத்துக் காய்ச்சினேன். டிகாஷன் கறுப்பாக, கள்ளிச்சொட்டு மாதிரி விழுந்தது. டவரா டம்ளரை மட்டும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தேன். ஆற்றினேன். கோபுரம் போல் மலைகள், புல்வெளிமேல் பனி, கையில் சுடச்சுட டம்ளர். இந்த ஊருக்கு வந்த பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு காபி நான் குடித்ததில்லை.

இரண்டு கூடாரம் தள்ளி ஒரு பெரியவர் தனியாகத் தங்கியிருந்தார். எனாமல் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பொடியை அப்படியே கொட்டி, இறக்கிய பிறகு ஒரு கை பச்சைத் தண்ணீர் தெளித்தார். கசடு அடியில் போய் உட்கார்ந்தது. மாடு மேய்ப்பவர்கள் போட்ட காபி, கௌபாய் காபி என்றார். எனக்கு என் அப்பாயிதான் நினைவுக்கு வந்தார். ஃபில்டர் வாங்கிக் கொடுத்த பிறகும் அப்பாயி ஈயம் பூசிய பாத்திரத்தில்தான் காபி கொதிக்கவைப்பார். இறக்கியதும் இதே மாதிரி தண்ணீர் தெளிப்பார், அப்புறம் துணியில் வடிகட்டுவார். பெரியவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். பாலும் சர்க்கரையும் சேர்த்து அவர் குடித்து நாற்பது வருஷம் ஆயிற்றாம். மிச்சம் வைக்காமல் குடித்தார்.

கசடை என்ன செய்வது என்பதுதான் இன்னும் பழகாத விஷயம். வீட்டில் அது மல்லிகைச் செடிக்குப் போகும். இங்கே ஒரு பைன் மரத்தடியில் கொட்டக் கை நீண்டுவிட்டது. பெரியவர்தான் தடுத்தார். கசடும் வாசனைதான், கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும். செடிக்கு ஆகிற பொருளைக் குப்பையில் போடும்போது இப்போதும் கை தயங்குகிறது.

மற்றபடி எல்லாம் பழகிவிட்டது. கூடாரம் இருபது நிமிஷத்தில் போட்டுவிடுவேன். குளிருக்கு எத்தனை அடுக்குத் துணி வேண்டும், எந்தப் பக்கம் காற்று வரும் என்பதெல்லாம் தெரியும். இதுவும் நம் ஊர்தான் என்று சில காலையில் தோன்றவும் செய்கிறது. ராத்திரி மட்டும், கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு காது எதையோ தேடும். ஃப்ளாஸ்க் சொட்டாது இல்லையா.

மலைமேல் போனுக்கு சிக்னல் கிடையாது. நான்காம் நாள் டியோகா கணவாய் தாண்டி லீ வைனிங்கில் இறங்கியதும் முதல் வேலையாக அம்மாவைக் கூப்பிட்டேன். எங்களுக்குக் காலை ஒன்பது மணி, அங்கே ராத்திரி ஒன்பதரை.

"மூணு நாளா போனே இல்லையேடி. காபி குடிச்சியா?"

"குடிச்சேம்மா. ஃபில்டர் காபி. காட்டுலயே போட்டேன்."

"பாலுக்கு என்ன பண்ணினே?"

சொன்னேன். ஐஸ் பெட்டி, குல்லா, கரடிப் பெட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, இரு. இப்பத்தான் நாளைக்கு டிகாஷன் போட்டேன், மூடினேனான்னு பாத்துட்டு வரேன்" என்று போனை மேடைமேல் வைத்துவிட்டுப் போனார்.