ஸ்கேனில் கல்லாகத் தெரிந்த பழைய ஊசி மருந்து

என் மகளுக்கு ஐந்து வயதில், சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்குத் திரும்பும் கோளாறுக்காக, இரு பக்கச் சிறுநீர்க்குழாய் வாய்களின் அடியிலும் டெஃப்ளக்ஸ் என்னும் கூழ்மத்தை எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்கிக் கருவி வழியே ஊசியால் செலுத்தினார்கள். டெக்ஸ்ட்ரானோமர் நுண்மணிகளும் ஹயலுரோனிக் அமிலமும் கலந்த அந்தக் கூழ்மம் சிறு மேடாக நின்று குழாயின் வாய்க்கு முட்டுக்கொடுக்கிறது. தையலோ தழும்போ இல்லாததால் அந்தச் சிகிச்சையை நாங்கள் ஏறக்குறைய மறந்தே போயிருந்தோம்.

பதினான்கு வயதில் அவளுக்கு இடப்பக்க அடிவயிற்றில் வலி வந்தபோது எடுத்த அல்ட்ராசவுண்டில், சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையில் சேரும் இடத்தில், பின்னால் நிழல் விழும் வெண்புள்ளி ஒன்று தெரிந்தது. சாயம் செலுத்தாமல் எடுத்த சி.டி.யிலும் அங்கே வெண்மையே தெரிந்ததால், அது சிறுநீர்க் கல் என்று எண்ணி, குழாய்க்குள் கருவியைச் செலுத்திக் கல்லை எடுக்க நாள் குறிக்கச் சொன்னார்கள்.

அதற்கு முன் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியுடன் குழந்தைகளுக்கான சிறுநீரக அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். செலுத்திய மேட்டில் சில ஆண்டுகள் கழித்துச் சுண்ணாம்புச் சத்து படியக்கூடும் என்றும், அப்படிப் படிந்தது சி.டி.யில் கல்லைப் போலவே வெளுப்பாகத் தெரியும் என்றும் அவர் விளக்கினார். வெண்மை குழாயின் உள்வழியில் இருக்கிறதா, சிறுநீர்ப்பைச் சுவருக்குள் இருக்கிறதா என்பதே அவர் முதலில் பார்த்தது. அது சுவருக்குள் இருந்தது. அதற்கு மேலே குழாயோ சிறுநீரகமோ வீங்கவில்லை. சிறுநீரில் இரத்தமும் இல்லை. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கையில் எடுத்த, ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், இரு பக்கக் குழாய்களிலிருந்தும் சிறுநீர் பீய்ச்சிக்கொண்டு இறங்குவதைத் திரையில் எங்களுக்கும் காட்டினார். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும், சிகிச்சைக்குப் பின் எடுத்த பழைய ஸ்கேனிலும் மேடு அதே இடத்தில் பதிவாகியிருந்தது ஐயத்தைத் தீர்த்தது.

வலப்பக்க மேட்டில் சுண்ணாம்பு படியவில்லை. அது சுவரிலிருந்து உள்ளே துருத்திய மென்மையான உருண்டையாகவே தெரிந்தது. வரலாறு தெரியாதவர் அதைச் சிறுநீர்ப்பைக் கட்டி என்றுகூட எண்ணக்கூடும். எம்.ஆர்.ஐ.யில் டி2 என்னும் வகைப் படங்களில் இத்தகைய மேடு பளிச்சென்று தெரியுமாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

வலிக்குக் காரணம் மலச்சிக்கல் என்று தெரிந்து, அதற்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். ஸ்கேன் மையத்தில் சம்மரியைக் காட்டியதும் திருத்திய அறிக்கை தந்தார்கள். இப்போது அவளுடைய ஒவ்வொரு ஸ்கேன் சீட்டிலும், செலுத்திய பொருள், ஆண்டு, பக்கம் ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிய பிறகே படம் எடுக்கப் போகிறோம்.