நீல அச்சில் வளரும் கை: வளர்ச்சித் தட்டின் கோடு பிடிபட்டது

மகளின் இடது கை எக்ஸ்ரே படங்களை, இரும்பு உப்பு பூசிய தாளை வெயிலில் காட்டி நீரில் அலசி நீலப் படம் எடுக்கும் சயனோடைப் முறையில் சுவருக்கான நீல அச்சுகளாக்கும் வேலையில், 7 வயதுப் படம் நான் எண்ணியபடியே வந்துவிட்டது. முன்கையில் கட்டைவிரல் பக்கம் உள்ள ஆரை எலும்பின் மணிக்கட்டு முனையில், தண்டுக்கும் தலைப்பகுதிக்கும் நடுவே ஓடும் வளர்ச்சித் தட்டின் (எலும்பு நீள வளரும் இடம்; குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் இடைவெளிபோலத் தெரியும்) மெல்லிய கோடு, அலசி உலர்த்திய பின்னும் அழியாமல் நிற்கிறது. அந்தக் கோடு இருந்தால்தான் அது வளரும் கை. இல்லாவிட்டால் வெறும் எலும்புக் கை. எக்ஸ்ரேயைக் கண்டறிந்த ரான்ட்கன் 1895 டிசம்பர் 22 அன்று எடுத்த தம் மனைவியின் கைப்படம் எவ்வளவோ புகழ் பெற்றது. ஆயினும் அது வளர்ச்சி முடிந்த கை என்பதால் அதில் இந்த இடைவெளியைக் காண முடியாது.

எலும்பு வயதை, அதாவது எலும்புகள் எந்த வயதுக்குரிய அளவு முதிர்ந்துள்ளன என்பதைக் கணிப்பதற்காக மருத்துவர் கேட்டு, 4, 7, 11 வயதுகளில் எடுத்த படங்கள் இவை. பிறந்த குழந்தையின் எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்புகள் எட்டில் ஒன்றுகூடத் தெரியாது. அப்போது அவை முழுக்கக் குருத்தெலும்பாகவே இருக்கும். எங்கள் 4 வயதுப் படத்தில், முன்கையில் சுண்டுவிரல் பக்கம் உள்ள எலும்பான அல்னாவின் முனை மொட்டையாக இருக்கிறது. 7 வயதில் அங்கே ஒரு சிறு தொப்பி முளைத்திருக்கிறது. மணிக்கட்டு எலும்புகளில் ஒன்றான பட்டாணி எலும்பு 11 வயதுப் படத்தில்தான் வருகிறது. மூன்றையும் வரிசையாக மாட்டுவதற்கு மகள் சம்மதித்தாள். பெயரும் பதிவு எண்ணும் உள்ள ஓரத்தை அச்சில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். அழகுக்காக ஒரு குழந்தைக்குப் புதிதாக எக்ஸ்ரே எடுப்பது கூடவே கூடாது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் படங்களே போதும்.

ஃபிலிமையே தாளின்மேல் வைத்து வெயில் காட்டினால் எலும்பு நீலமாகவும் பின்னணி வெண்மையாகவும் விழும். அதோடு, பழைய ஃபிலிமில் இரு புறமும் பூச்சு இருப்பதால் நுண்கோடுகள் சற்றே கலங்கும். ஆகவே எல்இடி பலகையில் ஃபிலிமை வைத்து, சுற்றிலும் கறுப்பு அட்டை மறைத்து, கேமராவில் நகலெடுத்து, கருமையையும் வெண்மையையும் தலைகீழாக்கிய நெகட்டிவ்வையே பயன்படுத்துகிறேன்.

கடினம் முழுவதும் இதற்குப் பிறகுதான். வளர்ச்சித் தட்டு தட்டையானதன்று, அலையலையானது. அதனால் முன்னும் பின்னும் உள்ள எலும்பு அதன்மேல் படிந்து, ஃபிலிமில் அந்த இடைவெளி எலும்பைவிடச் சிறிதளவே கருமையாகத் தெரிகிறது. சயனோடைப்பிலோ வெளிர் நீலங்கள்தாம் அலசும்போது முதலில் கரைந்து போகின்றன. ஆக, நமக்கு வேண்டிய கோடு, இந்த முறை மிகவும் பலவீனமாக இருக்கும் இடத்தில் சரியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. நெகட்டிவ்வின் தொனி வளைவில் (கருமை, வெண்மை அளவுகளை மாற்றும் மென்பொருள் கோடு) எலும்புப் பகுதியை மட்டும் விரித்து, பின்னணியின் ஆழத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். வெயிலில் வைக்கும் நேரத்தைக் கூட்டினேன். முதல் அலசலுக்குச் சில துளி வினிகர் கலந்த நீரை எடுத்துக்கொண்டேன். இம்மூன்றும் சேர்ந்தபோதுதான் கோடு நின்றது. மென்பொருளில் கூர்மையாக்கும் வசதியை மட்டும் நான் தொடவில்லை. தட்டை ஒட்டித் தண்டுப் பக்கத்தில், கால்சியம் புதிதாகப் படியும் இடத்தில், இயல்பாகவே ஒரு வெண்கோடு இருக்கிறது. கூர்மையாக்கினால் அதனருகே பொய்யான இன்னொரு வெண்கோடு முளைத்துவிடும். அதேபோல், வளர்ச்சி சில காலம் தடைப்பட்டு மீண்டதைக் காட்டும் குறுக்குக்கோடுகள் தண்டில் தெரிந்தால், அவற்றைக் கறை என்று எண்ணித் துடைத்துவிடாதீர்கள்.

நெகட்டிவ்வுக்கான இங்க்ஜெட் பாசிட்டிவ் ஃபிலிமைச் சிவகாசியில் ஸ்கிரீன் பிரிண்டிங் பொருள்கள் விற்கும் கடையில் வாங்கினேன்; வெளிநாட்டு ஃபிலிமின் விலை கொடுக்கத் தேவையே இல்லை. தாளில் பூசும் இரும்பு உப்பான ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டைப் பொறுத்தவரை, பச்சை வகை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தும் ஒரு கடையில் பழுப்பு வகையை அனுப்பினார்கள். திருப்பி அனுப்பி மாற்றுவதற்குள் நல்ல வெயில் நாள்கள் போய்விட்டன. தாள் வாங்கும்போது ஒரு துண்டைச் சிட்ரிக் அமில நீரில் நனைத்துப் பாருங்கள். குமிழி எழுந்தால் அதில் சுண்ணம் இருக்கிறது. அச்சின் நீல நிறமியான பிரஷ்ய நீலத்துக்கு அது ஆகாது.

11 வயதுப் படம் இன்னும் மீதம் இருக்கிறது. அது லேசரில் பதித்த உலர் ஃபிலிம். கழுவப்படாத வெள்ளிச் சேர்மம் அதில் தங்கியிருப்பதால் வெப்பத்திலும் ஒளியிலும் நாளடைவில் கருக்கும். இத்தகைய ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி அலங்காரமாக வைப்பவர்களிடம் நான் சொல்வது, ஃபிலிமை இருட்டில் பத்திரப்படுத்திவிட்டு அச்சை மாட்டுங்கள் என்பதே.

அதை முடிப்பதற்குள்ளாகவே மனம் முழங்காலுக்குப் போய்விட்டது. அண்ணன் மகன் கால்பந்தாட்டத்தில் விழுந்தபோது எடுத்த படம் கிடைத்திருக்கிறது. தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 70 விழுக்காடு அதன் கீழ்முனைத் தட்டிலிருந்தே வருகிறது. அந்தத் தட்டின் அலை மணிக்கட்டில் உள்ளதைவிடப் பெரியது. இப்போதைய வளைவு அதற்குப் பொருந்தாது. எலும்புத் தொனிகளை இன்னும் விரித்து, முதலில் சிறு தாளில் ஒரு சோதனைப் பட்டை எடுக்கப் போகிறேன்.