ஆப்பிரிக்கா கிளம்பும் முன் எந்த ஊசி, எப்போது?

கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா என்று கிழக்கு ஆப்பிரிக்கா பக்கம் கிளம்புகிறவர்கள் டிக்கெட் போட்ட கையோடு கவனிக்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மற்றவற்றில் சிலவற்றைக் கடைசி வாரத்தில்கூடப் போட்டுக்கொள்ளலாம். இதில் அது நடக்காது. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும்: ஜூன் 1 போட்டால் ஜூன் 11 முதல்.

"நைரோபிக்கு மட்டும்தானே போகிறோம், அங்கே இந்த நோய் இல்லையே?" என்று பலரும் கேட்கிறார்கள். நகருக்குள் ஆபத்து குறைவு என்பது சரிதான். ஆனால் திரும்பி வரும்போது சான்றிதழைக் கேட்கப்போவது நம் ஊர் விமான நிலையம். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, அதாவது டெங்குவைக் கொண்டுவரும் அதே கொசு, நம் தெருவெங்கும் இருக்கிறது. ரத்தத்தில் கிருமியோடு யாராவது வந்து இறங்கினால் இங்கே பரவிவிடும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு. மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ளவை என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு விலக்கு உண்டு.

வழியில் விமானம் மாறுகிறவர்களும் இதில் மாட்டுவதுண்டு. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இறங்கி விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. காத்திருப்பு நீளமென்று ஹோட்டலுக்குப் போய்ப் படுத்தால், அந்த நாட்டுக்குள் நுழைந்த கணக்குதான். தென்னாப்பிரிக்கா பட்டியலில் இல்லாத நாடு. ஆனால் வழியில் பட்டியலில் உள்ள ஒரு நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டுப் போனால் அங்கேயும் சான்றிதழ் கேட்பார்கள்.

தெருமுனை கிளினிக்கில் போட்டால் செல்லாது. அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படிப்பட்ட இடம். இந்த மருந்து பொடியாக வரும். பல பேருக்கான குப்பியை ஒருமுறை கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மீதியைக் கொட்ட வேண்டியதுதான். அதனால் மையங்கள் குறிப்பிட்ட நாட்களில், பதிவு செய்தவர்களுக்குத்தான் போடுகின்றன. பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே நாள் வாங்கிவிடுங்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சான்றிதழான மஞ்சள் அட்டையை வாங்கியதும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியலை விரித்து எழுதும் நம் வழக்கத்தால் தகராறு வருவது இங்கேதான். போட்ட தேதி, மருந்தின் பேட்ச் எண், மருத்துவரின் கையெழுத்து, மையத்தின் முத்திரை, கூடவே உங்கள் கையெழுத்து. இதில் ஒன்று விட்டுப்போனாலும் அட்டை செல்லாமல் போகலாம். அடித்துத் திருத்தியிருந்தாலும் அப்படியே. பழைய அட்டையில் பத்து வருடம்தான் என்று இருந்தால் மறுபடி போட வேண்டாம்; 2016 ஜூலை 11 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். அதற்காக நீங்களே பேனாவால் தேதியை மாற்றாதீர்கள்.

இது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி. முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள், கீமோ சிகிச்சையிலோ அதிக அளவு ஸ்டீராய்டிலோ இருப்பவர்கள், மார்புக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் நோய் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். 60 வயதைத் தாண்டியவர் முதல்முறை போடுவதாக இருந்தால் அரிதான கடுமையான பின்விளைவுகள் மற்றவர்களைவிடக் கூடுதல். பயணம் அவ்வளவு அவசியமா என்றே யோசிக்கலாம். மருத்துவ விலக்குக் கடிதம் வாங்கலாம், ஆனால் அதை ஏற்பது எதிரே இருக்கும் அதிகாரியின் முடிவு. அம்மை மாதிரியான மற்ற உயிருள்ள தடுப்பூசியும் தேவையென்றால் அதே நாளில் போட வேண்டும், இல்லையேல் 28 நாள் இடைவெளி விட வேண்டும்.

எல்லையில் யாரும் கேட்காத ஊசிகளை ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம். டைபாய்டு என் கணக்கில் எல்லோருக்கும் வேண்டும்; இந்தியாவில் வளர்ந்ததால் எதிர்ப்பு வந்துவிடாது. கான்ஜுகேட் என்ற வகை ஊசியில் ஒரே டோஸ், இரண்டு வாரம் முன்னால் போதும். ஹெபடைடிஸ் ஏ அப்படியல்ல. நம்மில் மூத்தவர்கள் பலருக்குச் சிறுவயதிலேயே அது வந்துபோயிருக்கும். உடலில் எதிர்ப்பு இருக்கிறதா என்று காட்டும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். சுத்திகரித்த தண்ணீரிலேயே வளர்ந்த இளைஞர்களுக்கு ஊசி தேவை. டெட்டனஸ் தடுப்பூசியான டி.டி. போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் அதையும் முடித்துக்கொள்ளுங்கள். சிற்றூர்களில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் வெறிநாய்க்கடி ஊசியை முன்கூட்டியே, முதல் ஊசி, ஏழு நாள் கழித்து இரண்டாவது என்று போட்டுக்கொள்வது நல்லது. கடித்த பிறகும் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு டோஸ் போட வேண்டும்தான். ஆனால் முன்பே போட்டிருந்தால், அங்கெல்லாம் எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) ஊசி தேவைப்படாது.

மலேரியாவுக்குப் பயணிகள் மாத்திரையைத்தான் நம்ப வேண்டும். குளோரோகுயின் அங்கே வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் என்றால் கிளம்பும் முன்தினமே தொடங்கித் தினமும் ஒன்று, திரும்பிய பிறகும் நான்கு வாரம். ஊர் வந்ததும் நிறுத்திவிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் வரலாம், அதுவும் உயிருக்கே ஆபத்தான ஃபால்சிபரம் வகை மலேரியா. திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால் போய்வந்த நாட்டின் பெயரை மருத்துவரிடம் சொல்லி, அன்றைக்கே ரத்தத்தில் மலேரியா பார்க்கச் சொல்லுங்கள்.