மூட்டு மாற்ற வெளிநாடு போனேன்: போகுமுன் கேட்க வேண்டியவை, வந்தபின் பார்க்க வேண்டியவை

வலது முழங்காலில் குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்து எலும்பும் எலும்பும் உரச ஆரம்பித்துவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் நாலாம் நிலை என்றார். அதற்கு மேல் நிலையே கிடையாது. மாத்திரை, ஊசி, பெல்ட், உடற்பயிற்சி எல்லாம் பார்த்தாகிவிட்டது. ராத்திரி புரண்டு படுத்தாலே வலியில் விழிப்பு வந்துவிடும். நான் இருக்கும் இடத்தில் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அதனால் வெளிநாட்டில் செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன்.

இந்த முடிவில் இருக்கும் எல்லோரும் முதலில் செலவைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: திரும்பி வந்தபிறகு இந்த முழங்காலை யார் பார்ப்பார்கள்? ஆபரேஷன் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மூட்டு உங்களுடையதாக ஆவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதில் பெரும்பகுதியை அந்த மருத்துவமனையிலிருந்து வெகு தூரத்தில்தான் கழிக்கப் போகிறீர்கள். ஆகவே பயணச்சீட்டு போடுவதற்கு முன்பே உள்ளூரில் ஒரு எலும்பு மருத்துவரையும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் அணுகிய மருத்துவர், “வேறு ஒருவர் செய்த ஆபரேஷனை நான் தொடமாட்டேன்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தப் பதில் போவதற்கு முன்பே கிடைத்ததால் தேடி இன்னொருவரைப் பிடிக்க முடிந்தது. புண்ணில் நீர் கசியும்போது அதே பதிலைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை.

காப்பீட்டு விஷயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. சாதாரணப் பயணக் காப்பீடு, சிகிச்சைக்கென்றே திட்டமிட்டுப் போகும் பயணத்துக்குப் பெரும்பாலும் செல்லாது. ஆபரேஷனால் வரும் சிக்கலுக்கும் பணம் வராது. அதற்கென்று தனியாக இருக்கும் பாலிசியைக் கேட்டு வாங்க வேண்டும். பல நாடுகளில் மருத்துவ விசா தனி. துணைக்கு வருபவருக்கும் சேர்த்தே விண்ணப்பித்தோம். என் தங்கை வந்தாள்.

எக்ஸ்ரே படங்களையும் ரத்தப் பரிசோதனைகளையும் முன்கூட்டியே அனுப்பி, அறுவை மருத்துவரோடு வீடியோவில் பேசினேன். வருடத்துக்கு எத்தனை மூட்டு மாற்றுகிறீர்கள், கிருமித் தொற்று வந்தால் என்ன செய்வீர்கள், எந்த நிறுவனத்தின் மூட்டைப் போடுவீர்கள், ஏன் என்று கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். பொதுவாக மேல் எலும்பில் கோபால்ட் குரோமியம் உலோக மூடி, கீழ் எலும்பில் டைட்டானியம் அல்லது கோபால்ட் குரோமியத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்ற கடினமான பிளாஸ்டிக். முழு எலும்பையும் வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். தேய்ந்த முனைகளைச் சில மில்லிமீட்டர் சீவி அதன்மேல் இந்த மூடியைப் பொருத்துகிறார்கள், அவ்வளவுதான். எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்விக்கு, 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வைச் சொன்னார். முழு மூட்டு மாற்றியவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கு 25 வருடம் தாங்கியிருக்கிறது.

“இவ்வளவு தூரம் போகிறாய், இரண்டு காலையும் ஒரே தடவையில் முடித்துக்கொள்” என்று நிறைய பேர் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்தால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை கூடும், ரத்தக்கட்டி அபாயமும் கூடும், ஊன்றி நிற்க ஒரு நல்ல காலும் இருக்காது. எனக்கு ரத்த அழுத்தம் வேறு. அறுவை மருத்துவரே வேண்டாம் என்றார். பயணத்தை மிச்சப்படுத்துவதற்காக எடுக்கிற முடிவு இல்லை இது.

போய் இறங்கிய மறுநாளே ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நெடுந்தூர விமானப் பயணத்தில் காலில் ரத்தம் தேங்கியிருக்கும், உடம்பும் அசதியாக இருக்கும். சில நாள் இடைவெளி கேட்டு வாங்கினேன். அந்த நாட்களில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, இதயப் பரிசோதனை, மூக்கில் கிருமி இருக்கிறதா என்று பஞ்சுக்குச்சிப் பரிசோதனை எல்லாம் முடிந்தன. பல்லில் சீழ் இருந்தால் அங்கிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது மூட்டில் போய் உட்காரலாம் என்பதால், பல் மருத்துவரைக் கிளம்புமுன்பே பார்த்துவிட்டேன்.

முதுகுத் தண்டில் மயக்க ஊசி போட்டார்கள். வலி இல்லை. அன்று மாலையே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். மறுநாள்தான் வலி தெரிந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை: முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான். பிசியோதெரபிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டால் பயிற்சி செய்ய முடிகிறது. வலி ஏறின பிறகு போட்டால் அந்த வேளைப் பயிற்சி வீண்.

மடக்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எங்கள் பிசியோதெரபிஸ்ட் நீட்டுவதில்தான் குறியாக இருந்தார். கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் தானாகக் கீழே இறங்கும்படி படுக்கச் சொல்வார். அப்புறம் கோணமானியை வைத்துப் பார்த்து எண்ணைச் சொல்வார். பூஜ்யம் வரவேண்டும், அதாவது கால் நேராக வேண்டும். கால் முழுதாக நீளாமல் மடங்கியே நின்றுவிட்டால் நொண்டி நடக்க வேண்டி வரலாம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். அந்தச் சுகம் காலை மடங்கிய நிலையிலேயே இறுக்கிவிடும். தூக்கத்தில் நான் தலையணையை இழுத்து வைத்துக்கொள்வேன் என்று தங்கை அதை ஒளித்தே வைத்துவிட்டாள். “அக்கா, இன்னும் பத்து தடவை, அப்புறம் ஐஸ் வைக்கிறேன்” என்று அவள் பக்கத்தில் நின்று எண்ணியதில்தான் பாதி குணமானேன்.

மடக்குவதில், சமதரையில் நடக்க 65, 70 டிகிரி போதும். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவும் படி இறங்கவும் 90-க்கு மேல் வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். பயத்தில் இது மாறிப்போகும், அதனால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறி இறங்கினேன்.

மருத்துவமனையில் சில நாள்தான். மற்ற வாரங்கள் பக்கத்தில் வாடகை அறையில். அறை பார்க்கும்போது லிஃப்ட், உட்கார்ந்து பயன்படுத்தும் மேற்கத்தியக் கழிப்பறை, அதன் பக்கத்தில் கைப்பிடி, உயரமான நாற்காலி, வழுக்காத குளியலறைத் தரை, இவற்றையெல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சோபா பள்ளமாக இருந்தால் உட்காரலாம், எழுந்திருக்க முடியாது.

எனக்கு உண்மையிலேயே பயம் இருந்தது ரத்தக்கட்டியை நினைத்துத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில வாரங்களில் அந்த அபாயம் அதிகம், மூன்று மாதம் வரைக்கும் ஓரளவு இருக்கும். நீண்ட நேரம் அசையாமல் விமானத்தில் உட்காருவது அதைக் கூட்டும். எனக்கு நெடுந்தூரப் பயணம் என்பதால் ஆறு வாரம் இருந்துவிட்டுப் போங்கள் என்றார் மருத்துவர். இடையில் ஒருநாள் ஆடுசதை ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்தது. உடனே போய் ஸ்கேன் எடுத்தோம். கட்டி இல்லை, சாதாரண வீக்கம். அப்படி வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

திரும்பும்போது விமான நிறுவனத்துக்கு, பறக்கத் தகுதி உண்டு என்ற சான்றிதழ் கொடுத்தேன். காலை நீட்ட ஓர இருக்கை, சக்கர நாற்காலி இரண்டையும் முன்பே பதிந்திருந்தோம். ரத்தத்தை இளக்கும் ஊசியும் டிரமடால் என்ற வலி மாத்திரையும் கைப்பையில், மருத்துவர் கடிதத்தோடு. டிரமடால் சில நாடுகளில் கடும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. இடையில் இறங்கும் நாட்டின் விதியையும் பார்த்துவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் மூட்டில் உள்ள உலோகத்தால் கருவி சத்தம் போடலாம். மூட்டு மாற்றியதற்கான அட்டையைக் காட்டினாலும் சோதிக்கத்தான் செய்வார்கள்.

கொண்டுவர வேண்டிய காகிதங்களில் மிக முக்கியமானது எதுவென்று பலருக்குத் தெரிவதில்லை. மூட்டுப் பாகங்களின் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர்களை ஆபரேஷன் குறிப்பில் ஒட்டியிருப்பார்கள். நிறுவனம், மாதிரி, அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். பத்து, பதினைந்து வருடம் கழித்து நடுவில் இருக்கும் பாலிஎத்திலீன் தேய்ந்தால், அதை மட்டும் மாற்றுவதற்கு இந்த விவரம் தேவை. தெரியாவிட்டால் நன்றாக இருக்கும் பாகங்களையும் கழற்ற வேண்டி வரலாம். அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். ஆபரேஷன் குறிப்பு முழுதும், எக்ஸ்ரே குறுந்தட்டு, மருந்துகளின் மூலப்பெயர்கள், எல்லாம் உள்ளூர் மருத்துவருக்குப் புரியும் மொழியில்.

இப்போது தடியில்லாமல் நடக்கிறேன். இரவில் தூங்குகிறேன். வடுவுக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துக் கிடக்கிறது. தோலின் சிறு நரம்பு அறுபடுவதால் அப்படி, பலருக்கும் இருக்கும் என்றார்கள். முழங்காலில் லேசான சூடு பல மாதம் இருந்தது, அதுவும் இயல்புதான். சம்மணமிட்டு உட்காருவதையும் குந்துவதையும் விட்டுவிட்டேன்.

இடது காலும் தேய்ந்துதான் இருக்கிறது. உள்ளூர் மருத்துவர் வருடாந்திர எக்ஸ்ரே எடுக்கும்போது இரண்டு காலையும் சேர்த்தே எடுக்கிறார், படங்களை அங்குள்ள அறுவை மருத்துவருக்கும் அனுப்புகிறோம். தொடைத் தசைப் பயிற்சியை விடாமல் செய்தால் இன்னும் சில வருடம் தள்ளலாம் என்று இருவருமே சொல்கிறார்கள். காலையும் மாலையும் செய்துவருகிறேன்.