புன்டா அரேனாஸில் காற்றுக்காகக் காத்திருந்தவர்கள்

புன்டா அரேனாஸைப் பார்க்க வேண்டும் என்று யாரும் புன்டா அரேனாஸுக்கு வருவதில்லை. முதுகில் பையோடு படகோனியா சுற்ற வருகிற கூட்டம் இங்கே விமானத்தில் இறங்கும், பஸ் பிடித்து மூன்று மணி நேரத்தில் புவெர்ட்டோ நதாலெஸ் போகும், அங்கிருந்து தொர்ரெஸ் தெல் பைனே மலைகளுக்குள் புகுந்துவிடும். சிலியின் தென்கோடியில், மெகல்லன் நீரிணைக் கரையில், ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனம் வாழ்கிற பெரிய ஊர்தான் இது. ஆனால் தரைவழியாக வடக்கே தலைநகருக்குப் போக வேண்டுமென்றால் அர்ஜென்டினாவுக்குள் நுழைந்து வெளியே வந்துதான் ஆக வேண்டும், சொந்த நாட்டோடு இணைக்கும் நேரடி ரோடு கிடையாது.

நானும் ஒரு ராத்திரி தங்கி, மக்தலேனா தீவில் பெங்குவின்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் இருந்தேன். காற்று விடவில்லை. துறைமுகத்தை மூடிவிட்டார்கள், படகு ரத்து. இங்கே கோடையில்தான் காற்று உக்கிரமாக அடிக்கும், சில நாள் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த மாதிரி நாட்களில் ஊர் நடுவே மூலைகளில் கயிறு கட்டிவிடுகிறார்கள், நடந்து போகிறவர்கள் பிடித்துக்கொள்ள. கேள்விப்பட்டபோது சுற்றுலாக்காரர்களுக்காகச் சொல்கிற கதை என்றுதான் நினைத்தேன், அப்புறம் கையில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகத் தெருவைக் கடப்பதைப் பார்த்தேன்.

ஆக, ஹாஸ்டலில் எல்லாருமே எதற்காகவோ காத்திருக்கிறவர்கள். படகுக்கு, கப்பலுக்கு, விமானத்துக்கு. சமையலறையில் ஓர் அலமாரி முழுக்க ஓசிச் சாமான்கள்: பாதி ஓட்ஸ் பாக்கெட், சூப் பொடி, வரிசையாக முகாம் அடுப்புக்கான சின்ன கேஸ் குப்பிகள். மலை ஏறிவிட்டு வந்தவர்கள் மிச்சமிருக்கும் கேஸை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அதனால் விட்டுவிட்டுப் போகிறார்கள். எதில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? சைக்கிளில் வந்திருந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதி காட்டினார்கள். குண்டான் நிறையத் தண்ணீர் பிடித்து ஒவ்வொரு குப்பியாக மிதக்கவிட வேண்டும். நிறைந்தது அமிழ்ந்து நிற்கும், காலியானது துள்ளிக்கொண்டு மேலே வரும். அந்தப் பெண் பேனாவால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டு வரிசைப்படுத்தி, தங்களுக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். இதைப் பார்க்க நாலு பேர் கூடிவிட்டோம், பேச்சு ஆரம்பித்தது அப்படித்தான்.

சைக்கிள்காரர்களுக்கு இங்கே காற்றைத் தவிர வேறு பேச்சே இல்லை. அது பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், நதாலெஸிலிருந்து இங்கே வருகிறவன் ராஜா மாதிரி வருவான், இங்கிருந்து நதாலெஸ் போகிறவன் மிதித்து மிதித்துச் செத்தான். மலைகளில் கும்பலோடு கும்பலாக நடந்தபோது இந்த மாதிரிப் பேச்சு எனக்கு வாய்க்கவே இல்லை. அங்கே எல்லாருக்கும் அடுத்த முகாமுக்குப் போகிற அவசரம். இங்கே எவருக்கும் போக இடமில்லை.

மறுநாள் சாந்தியாகோவிலிருந்து வந்திருந்த ஒரு சிலி மாணவன் எங்களைச் சதுக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே ஒரு சிலை: மேலே கடலோடி மெகல்லன் நிற்கிறார், கீழே பூர்வகுடி மனிதர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கால் விரலுக்கு முத்தம் கொடுத்தால் மறுபடி இந்த ஊருக்கு வருவோமாம், எல்லாரும் தொட்டுத் தொட்டு விரல் மட்டும் பளபளவென்று இருக்கிறது. மெகல்லன் இந்த நீரிணையைக் கடந்த 400-ஆம் ஆண்டுக்காக 1920-ல் வைத்த சிலை, ஹோசே மெனெண்டெஸ் என்ற செம்மறிப் பண்ணை முதலாளியின் பணம். எதிர்க்கரைத் தீவில் அந்தப் பண்ணைகளுக்காகத்தான் செல்க்னாம் மக்கள் வேட்டையாடப்பட்டார்கள். 2019-ல் சிலி முழுக்க நடந்த போராட்டங்களின்போது மெனெண்டெஸின் மார்பளவுச் சிலையைப் பெயர்த்து இதே பூர்வகுடி மனிதரின் காலடியில் கொண்டுவந்து போட்டார்கள் என்றான் அவன். செல்க்னாம்களை நாட்டின் பூர்வகுடி என்று சிலி சட்டப்படி ஏற்றுக்கொண்டதே 2023-ல்தான்.

கேட்டுவிட்டு நான் முத்தம் கொடுக்கவில்லை. பிரேசிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த பெரியவர் கொடுத்தார். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத அந்தச் சமையலறையில் இதைப் பற்றிச் சரியான வாக்குவாதம். அவர் சொன்னது: அந்தச் சதுக்கத்தில் ஜனம் மரியாதையாகக் குனிவது இவர் ஒருவருக்குத்தான், மெகல்லனை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? மாணவன் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்குப் பதில் தோன்றவில்லை. இடையில் பக்கத்துக் கடையில் வாங்கிவந்த சொரிபான்களும் வாழைப்பழப் பாலும் தீர்ந்துபோயின. சொரிபான் என்பது காரமான சாசேஜ் விழுது தடவிய சின்ன பன், இந்த ஊரில் அதோடு வாழைப்பழப் பால்தான் ஜோடி. கேட்கக் கண்றாவி, சாப்பிட்டால் விட மாட்டீர்கள்.

காற்று தணிந்து படகு விட்டதும் மக்தலேனாவுக்குப் போனோம். பாதையின் குறுக்கே பெங்குவின் வந்தால் மனிதர்கள்தான் நின்று வழிவிட வேண்டும், அது விதி. பெரியவருக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

பிரெஞ்சுத் தம்பதி புன்டா அரேனாஸிலிருந்து இன்னும் தெற்கே, புவெர்ட்டோ வில்லியம்ஸுக்குக் கப்பலேறினார்கள். கால்வாய்கள் வழியாக முப்பது மணி நேரத்துக்கு மேல் போகும், தூங்குவதும் சீட்டிலேயே. நீயும் வா என்றார்கள், டிக்கெட் கேட்டுப் பார்த்தால் ஒரு சீட்டுகூட மிச்சமில்லை. கோடையில் போகிற எண்ணம் இருந்தால் அதை முதலில் பதிவு செய்துவிடுங்கள், பெங்குவின் படகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.