கதவு அளவு குடுக்கும்போது ‘காடி’யை மறந்துடாதீங்க

ஒத்தை ரூம் கதவை மாத்த மூணு வாரம் ஆகும்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். இன்னிக்கு காலைல தான் புதுக் கதவு நிலையில போய் கச்சிதமா உக்காந்துச்சு.

பழைய நிலை நல்லா திடமா இருந்துச்சு, கதவு மட்டும் தான் கீழ உளுத்துப் போச்சு. சரி கதவை மட்டும் செய்யச் சொல்லலாம்னு டேப்பை எடுத்து ரெண்டு நிலைச் சட்டத்துக்கும் நடுவுல அளந்தேன், 32 அங்குலம் சரியா வந்துச்சு, அதையே எழுதி பட்டறையில குடுத்துட்டேன். அங்க தான் தப்பு. நிலையோட உள்பக்கம் கதவு வந்து பதியறதுக்கு படி மாதிரி வெட்டியிருப்பாங்க இல்ல, அது தான் காடி. எங்க நிலையில பக்கத்துக்கு 4 நூல், அதாவது அரை அங்குலம். கதவு அந்தக் காடிக்குள்ள உக்காரணும்னா அளவையும் காடியில இருந்து காடிக்குத் தான் எடுக்கணும், 33 அங்குலம். நான் குடுத்தது உள் அளவு. கதவு வந்துச்சு, தூக்கி நிறுத்துனோம், காடியில நிக்காம அப்படியே அந்தப் பக்கம் போயிடுச்சு. வயிறெரிஞ்சு போச்சு.

பட்டறைக்கு ஓடுனா, ‘நீங்க குடுத்த அளவு தானே சார் போட்டிருக்கோம்’னு ஒரே பதில். நெசம் தான், ஆனா தெனமும் கதவு செய்யறவங்க ‘உள் அளவா, காடி அளவா’னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ரெண்டாவது தடவை உஷாரா, 33-ல பக்கத்துக்கு 1 நூல் சந்து விட்டு 32 அங்குலம் 6 நூல்னு சொன்னேன். அங்க இருந்த பையன் ‘32-6’னு மட்டும் குறிச்சுக்கிட்டான். உள்ள வெட்டுனவர் அந்த 6-ஐ மில்லிமீட்டர்னு எடுத்துக்கிட்டார். 6 நூல்னா 19 மிமீ, ஆக 13 மிமீ குறைச்சல். இந்தத் தடவை வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடியே அளந்து பார்த்துட்டேன், அது வரைக்கும் தப்பிச்சேன். ‘உங்க டேப் கொக்கி ஆடுது சார், அதான் தப்பா காட்டுது’ன்னாங்க. டேப் முனையில இருக்கற கொக்கி ஆடத் தாங்க செய்யணும். கொக்கி எவ்வளவு தடிப்போ அவ்வளவு தூரம் தான் முன்ன பின்ன நகரும், வெளிய மாட்டி இழுத்தாலும் உள்ள முட்ட வச்சு அளந்தாலும் அளவு சரியா வரணும்னு தான் அப்படி விட்டிருக்காங்க. ஆடுதேன்னு தட்டி இறுக்கிடாதீங்க, அப்புறம் தான் நெசமாவே தப்பா காட்டும். அவங்க டேப்பையே வாங்கி அளந்து காட்டுனேன், அதே அளவு. மறுபேச்சு இல்லாம வேற கதவு செஞ்சு தர ஒத்துக்கிட்டாங்க.

மூணாவது தடவை நூல் கணக்கே வேணாம்னு 832 மிமீன்னு எழுதி, பக்கத்துல ‘கதவோட முழு அகலம், காடி சந்து எல்லாம் கழிச்சாச்சு’ன்னும் எழுதிக் குடுத்தேன். கீல் எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் தெறக்கும்னு படமும் போட்டுட்டேன். வாயால ‘இடது கை, வலது கை’ன்னு சொன்னா ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துப்பாங்க.

உயரம் அளக்கும்போது, காடி மேல் பக்கம் மட்டும் தான் இருக்கும், கீழ வாசப்படி இல்லேன்னா தரை வரைக்கும் அளந்து சந்து கழிங்க. அகலத்தை மேல, நடுவுல, கீழ மூணு இடத்துல அளந்து எது கம்மியோ அதை எடுங்க. மூலைக்கு மூலை குறுக்கு அளவும் ரெண்டு பக்கம் பாருங்க, ஒண்ணா வரலேன்னா நிலை கோணல். பழைய கதவு ஒழுங்கா மூடிக்கிட்டு இருந்ததுன்னா அதைக் கழட்டி அதையே அளக்கறது தான் எல்லாத்தையும் விட நல்லது, இது எனக்கு மொதல் நாளே தோணியிருந்தா இத்தனை அலைச்சல் இல்ல.

கீல் மூணு போட்டாச்சு. மாட்டறதுக்கு முன்னாடி கதவைப் படுக்க வச்சு அடி விளிம்புக்கு ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சேன். பழைய கதவுல அந்த விளிம்பு மட்டும் பெயிண்ட் படாம வெறும் மரமாவே கெடந்துச்சு, ஈரம் ஏறுனது அந்த வழியாத் தான்.